நடுக்குளத்துக் கயிறு

1962 யூலை 14, சனிக்கிழமை. வழமைபோல் வயலுக்குத் தண்ணீர் கட்டினேன், மாட்டுக்கு வைக்கோல் போட்டேன், தேநீர் குடித்தேன். பிறகு மனைவியின் தம்பியுடன் இரணைமடுக் குளத்துக்கு மீன்பிடி வள்ளம் வாங்கப் போனேன்.

குளத்து மீனவர் ஒருவரிடம் இரண்டு வள்ளங்கள் இருந்தன. ஒன்று தட்டையான அடிகொண்டது, நீருக்குள் நிற்கும் பட்டமரங்களில் தட்டாமல் போகும். மற்றது ஆழமானது, காற்றைத் தாங்கும்.

"எனக்கு இனி ஒண்டே போதும். விரும்பினதை ஓட்டிப் பாருங்கோ," என்றார். ஏனென்று நாங்கள் கேட்கவில்லை.

"இதென்ன கடலே அத்தான்? தட்டையை எடுப்பம்," என்றான் தம்பி. யாழ்ப்பாணக் கடற்கரையில் வளர்ந்த எனக்கும் அது சரியாகவே பட்டது.

நாங்கள் இருவரும் அதை ஓட்டிப் பார்த்து நடுக்குளத்தில் இருந்தபோது தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழுந்தது. அலை ஏறி வள்ளம் கவிழ்ந்தது. பாசி படர்ந்த பட்டமரம் ஒன்றைப் பற்றினேன், கை வழுக்கியது. மறுபடியும் வழுக்கியபோது மரத்தில் கட்டியிருந்த ஒரு கயிறு விரல்களில் தட்டுப்பட்டது. ஒரு கையால் அதையும் மறு கையால் தம்பியின் சட்டையையும் பிடித்துக்கொண்டேன்.

மீனவர் ஆழமான வள்ளத்தில் வந்து எங்களை ஏற்றினார்.

"ஐயா, இந்தக் கயிறு ஆர் கட்டினது?" என்று கேட்டேன்.

"நான்தான். போன மாரியில என்ர மகனுக்கு இதில பிடிக்க ஒண்டும் கிடைக்கேல்ல." துடுப்பை நிறுத்தாமலே சொன்னார். "அங்கால மரங்களுக்கு இன்னும் கட்டேல்ல."

அன்றிரவு கண்ணை மூடியபோதெல்லாம் அந்தப் பாசியில் வழுக்கும் ஒரு கையைக் கண்டேன். அது என் கை அல்ல.

மறுநாள் விடிந்ததும் வயலுக்குப் போகவில்லை. மாட்டுக் கொட்டிலில் கிடந்த கயிறுகளை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனேன். மீனவரிடம் ஆழமான வள்ளத்தை இறக்கச் சொல்லி, அவரோடு ஏறினேன்.