அம்மாவின் டெஸ்டுக்கு முந்தின நாள் எஞ்சின் கழுவியது

உங்கள் இரண்டு பேருக்கும் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். அதனால் சின்ன வாக்கியமாகவே எழுதுகிறேன். கார் எஞ்சினை எப்படிக் கழுவ வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் ஒரு முறை தப்பாகக் கழுவித்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போது நாம் கசார்வாடியில் இருந்தோம். நீங்கள் ரொம்பச் சின்னவர்கள். ஒரு திங்கட்கிழமை காலை அம்மாவுக்கு டிரைவிங் டெஸ்ட், இரண்டாவது முறை. முதல் முறை எட்டு போடும்போது பாதியில் வண்டி நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். இன்னொரு தடவை நின்றால் இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று அன்று சாப்பிடும்போது அம்மா சொன்னாள். சொன்னால் செய்கிறவள்.

ரஞ்சன்காவ் போகும் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், டெஸ்டுக்கு வரும் வண்டியின் பானெட்டைத் திறந்து பார்ப்பார்கள், அழுக்காக இருந்தால் பெயில் என்றார். அவரிடம் லைசென்ஸே கிடையாது என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. டெஸ்டுக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, பானெட்டைத் திறந்தேன்.

எஞ்சின் ஆறியிருந்தது. ஆறாத எஞ்சினில் தண்ணீர் ஊற்றக்கூடாது. கை வெந்துவிடும், சூடான இரும்பும் விரிசல் விடலாம். முதலில் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றினேன். காய்ந்த இலையையும் தூசியையும் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டேன். பியூஸ் பெட்டி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், ஒயர்கள் சேரும் இடங்கள், இவற்றிலெல்லாம் தண்ணீர் படக்கூடாது. அம்மா கழுவிக் காயவைத்துச் சேர்த்திருந்த பால் கவர்களை எடுத்து மூடி ரப்பர் பேண்டு போட்டேன். மொத்தம் எட்டு.

எங்கள் கம்பெனியில் மிஷினை நிறுத்தி வேலை பார்க்கிற ஒவ்வொருவரும் வேறு யாரும் தெரியாமல் ஓட்டிவிடாதபடி சுவிட்சில் தன் பூட்டைப் போட வேண்டும். அதில் தன் பெயர்ச்சீட்டு தொங்க வேண்டும். போட்டவனே எடுக்க வேண்டும். என் லைனில் அதைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்குத்தான். வீட்டில் நான் ஒருத்தன்தானே என்று பெயர்ச்சீட்டு எதுவும் போடாமல் கவர்களை எண்ணியதோடு விட்டுவிட்டேன்.

பில்டிங் வாட்ச்மேன் பிரஷர் பைப்போடு வந்து, அடிக்கட்டுமா என்று மராத்தியில் கேட்டார். "அண்ணா, பைப் லாவூ கா?"

"நக்கோ, நக்கோ", வேண்டாம் என்றேன். வேகமான தண்ணீர் எந்த மூடியையும் தாண்டிப் போய்விடும். ஷாம்பு கலந்த தண்ணீரைப் பிரஷ்ஷால் தேய்த்து, குளிக்கிற மக்கால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பனியனால் துடைத்தேன். கவர்களைக் கழற்றி எண்ணினேன். எட்டு. இரண்டு மணி நேரம் வெயிலில் காயவிட்டு பேட்டரியை மாட்டினேன்.

அம்மா உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வண்டி கிளம்பியது, மூன்று எண்ணுவதற்குள் நின்றது. மறுபடியும் அப்படியே.

"கிளட்ச்ச மெல்ல விடுட்டி" என்றேன்.

"நான் கிளட்ச்ச விடவே இல்லயே."

"ஒனக்குத் தெரியாம விட்டுருப்ப."

அம்மா இறங்கிவிட்டாள். சாவியை என் கையில் வைத்தாள். "நாளைக்கு நான் வரல. நீங்களே போயி எட்டு போட்டுட்டு வாங்க."

நான் உட்கார்ந்து திருப்பினேன். எனக்கும் மூன்று எண்ணுவதற்குள் நின்றது.

"இப்ப யாரு கிளட்ச்ச விட்டா?" என்றாள்.

அம்மா பானெட்டுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கேட்டாள்.

"ஏங்க, அந்தக் குழா வாயில கட்டுனத எடுத்தியளா?"

"எந்தக் குழா?"

"நீங்க ஷாம்பு கலக்க உள்ள போனிய. இந்தக் குழா வாயத் தொறந்துட்டு கெடந்துச்சு. தண்ணி போயிருமேன்னு நாந்தான் கட்டி வச்சேன்."

"எட்டு கட்டுனேன். எட்டும் எடுத்துட்டேன்."

"அது ஒங்க எட்டு."

பால் கவர் தீர்ந்துபோனதால் குப்பைப் பையில் ஒரு துண்டு கிழித்து, தன் தலைமுடி பேண்டால் கட்டியிருந்தாள். கறுப்புக் குழாயில் கறுப்புப் பை, கறுப்பு பேண்டு. அது எஞ்சின் மூச்சு வாங்கும் குழாய். அதை நான் மூட மறந்திருந்தேன். அம்மா மூடாமல் இருந்து உள்ளே நிறையத் தண்ணீர் போயிருந்தால் எஞ்சினே கெட்டிருக்கும். மூடியதால் மூச்சு நின்றது. அவிழ்த்துவிட்டுத் திருப்பினேன். ஓடியது, நிற்காமல் ஓடியது.

"கிளட்ச்சு நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"காலையிலயும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். சாவியை வாங்கிக்கொண்டு என்னை இறங்கச் சொன்னாள்.

மறுநாள் அம்மா எட்டு போட்டாள். வண்டி எங்கேயும் நிற்கவில்லை. இன்ஸ்பெக்டர் பானெட் பக்கமே வரவில்லை. இடது இண்டிகேட்டரைப் போடச் சொன்னார், போட்டாள், பாஸ் என்றார்.

இப்போது எஞ்சின் கழுவும்போது என் கவருக்கு நீல ரப்பர் பேண்டு, அம்மாவுடையதற்குச் சிவப்பு. நீங்கள் இருவரும் கூட நின்றால் பச்சையும் மஞ்சளும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டியவரே அவிழ்க்க வேண்டும், உங்களுடையதை நான் தொடமாட்டேன். எல்லாம் எடுத்தபிறகும் வண்டி நின்றால் முதலில் குழாயைப் பாருங்கள். அம்மாவிடம் கிளட்ச்சைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.