குளிர் பக்கம் தள்ளினால் அனலடிக்கும் கார்

என் பழைய சீமைக் கார், எங்கள் சுங்கைப் பட்டாணி ஊர் வெயிலிலும் ஹீட்டரை நிறுத்தாது. காற்றுக் கதவைத் திருப்பும் டப்பா பழுதாகி, சூட்டுப் பக்கமே திறந்து நின்றது.

என் மகள் கல்யாணம் நெருங்கியதும் மச்சான் தன் புதுக் காரின் சாவியை நீட்டினார். "மாப்ள, பொண்ண அவிச்சா சர்ச்சுக்குக் கொண்டுபோகப் போறீங்க? என் கெரேத்தாவுல ஏத்துங்க லா."

"என் பொண்ணு என் கார்லதான் போவா!"

பழைய கார் உடைக்கும் கடையில் வேறு டப்பா வாங்கி, டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்து நானே மாட்டினேன். பிடியைக் குளிர் பக்கம் தள்ளினேன், அனலடித்தது. சூட்டுப் பக்கம் தள்ளினேன், ஜிலுஜிலுவென்று வெளிக்காற்று! டப்பாவையும் கதவையும் இணைக்கும் கம்பியை எதிர்த் துளையில் கோர்த்திருக்கிறேன். மறுபடி உள்ளே நுழைய என் தொப்பை சம்மதிக்கவில்லை.

கல்யாணத்தன்று வேடிக்கை பார்க்கவென்றே மச்சான் முன்சீட்டில் ஏறினார். பாக்கார் ஆராங் தாண்டியதும், "சூட்டுல வச்சிருக்கீங்களே!" என்று பிடியைக் குளிர் பக்கம் தள்ளினார். குப்பென்று அனல்.

பின்சீட்டிலிருந்து மணப்பெண் அதட்டினாள்: "மாமா, கைய எடுங்க! எங்கப்பா கார்ல சூடுன்னாதான் குளிரு."

சரியாக ஓடும் காரில் யார் வேண்டுமானாலும் பெண்ணை அழைத்துப் போகலாம். என் காருக்கு நான்தான் வேண்டும். அந்தக் கம்பியை நான் கடைசிவரை மாற்றவேயில்லை.