குடுபல்லிக் கன்றின் தாய்

நைனா, அதாவது என் அப்பா, சித்தூரில் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அதன்பிறகு அவருக்கு ஒரே ஆசை, வீட்டுக்குப் பின்னால் ஒரு புங்கனூர் மாடு கட்டவேண்டும். ஆளின் இடுப்பு உயரத்தைத் தாண்டாத குட்டை மாடு அது. எங்கள் பக்கத்துக்கே உரியது. வீடியோக்களில் பார்த்து ஊரெல்லாம் அதைக் கேட்க ஆரம்பித்ததும், தீனியில்லாமல் வளர்ச்சி நின்ற கன்றுகளைக்கூடப் புங்கனூர் என்று சொல்லித் தள்ளிவிடுகிறார்கள். நான் திருப்பதியில் கால்நடைகளின் மரபணுவைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஏமாந்தவர்கள் கொண்டுவரும் மாதிரிகளைப் பார்த்துப் பார்த்து, மாடு விற்கிற யாரையும் நம்பமுடியாத ஆளாகிவிட்டேன்.

அதனால், குடுபல்லியில் ஒரு அம்மாவிடம் வெள்ளைக் கன்று வாங்கிவிட்டதாக நைனா போனில் சொன்னபோது, "பல்லைப் பாத்து வயசு கண்டுபிடிச்சியா நைனா?" என்றுதான் கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சித்தூர் போனேன். கன்று அத்தனை அழகு. அதுவே எனக்கு உறுத்தியது. வாலிலிருந்து பத்துப் பன்னிரண்டு முடிகளை வேரோடு பிடுங்கி உறையில் போட்டுக்கொண்டேன், டி.என்.ஏ. எடுக்க வேர்தான் வேண்டும். நைனா கன்றின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

புங்கனூர் மாடுகள் பல தலைமுறைகளாகத் தங்களுக்குள்ளேயே இனம் பெருக்கியவை. அதனால் சில மரபணு வடிவங்கள் அவற்றிடம் அதிகமாகவும் வேறு மாடுகளிடம் அரிதாகவும் இருக்கும். ஒரு கன்று அந்தக் கூட்டத்தோடு எவ்வளவு ஒட்டுகிறது என்பதை அதை வைத்துச் சொல்லிவிடலாம். எங்கள் கன்று பாதிதான் ஒட்டியது. மறுபாதி ஜெர்சி.

நைனாவை இழுத்துக்கொண்டு குடுபல்லிக்குப் போனேன். அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும், தனியாக இருந்தார். கன்றின் தாயைக் காட்டச் சொன்னேன். கொட்டகையிலிருந்து ஒரு குட்டைப் பசுவை ஓட்டிவந்து நிறுத்தினார். அசல் புங்கனூர் என்று பார்த்ததுமே தெரிந்தது. முடி வேண்டும் என்றதும் கொஞ்சம் தயங்கித்தான் சம்மதித்தார். அந்தத் தயக்கத்தையும் மனதில் குறித்துவைத்துக்கொண்டேன்.

மரபணுவில் நாங்கள் பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் கன்றுக்கு இரண்டு வடிவங்கள் இருக்கும். ஒன்று தாயிடமிருந்து வந்ததாக இருந்தே ஆகவேண்டும். ஒன்றிரண்டு இடம் பொருந்தாவிட்டால் சோதனைப் பிழை என்று விடலாம். இங்கே ஏழு இடங்களில் பொருந்தவில்லை. அந்தப் பசு இந்தக் கன்றைப் பெறவே இல்லை. வேறொரு மாட்டைக் காட்டி ஏமாற்றிவிட்டார் என்று நைனாவிடம் சொன்னேன். என் குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்திருக்கும்.

நைனா அந்த அம்மாவிடம் என்ன சொன்னாரோ, அடுத்த வாரமே அவர் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நானும் அன்று சித்தூரில் இருந்தேன். அந்த அம்மா உட்காரவில்லை. காகிதப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து என் முன்னால் வைத்தார். மாட்டின் காதில் அடிக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை. அதில் காய்ந்துபோன காதுத்தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பெத்தது இது. கன்னு போட்ட மறுநாளே செத்துப்பூட்ச்சி. அதுக்கப்புறம் பால் குடுத்துகினு வளத்தது நீ பாத்த மாடு. தாய் எங்கன்னு கேட்டே, காமிச்சேன்."

மாடு செத்ததற்கு அத்தாட்சியாக இன்சூரன்ஸில் காட்ட அறுத்த காதாம்; பிறகு கொடுக்க மனம் வராமல் வைத்துக்கொண்டாராம். அப்போதும் நான் நம்பவில்லை. எந்த மாட்டின் காதோ என்று நினைத்தபடியேதான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன்.

இரண்டு முறை சோதித்தேன். எல்லா இடமும் பொருந்தியது. செத்த மாடு அசல் புங்கனூர். கன்றுக்குள் ஜெர்சி வந்தது தகப்பன் வழியாக, சினை ஊசியில். என்ன ஊசி என்று அந்த அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. தாயில்லாமல், குட்டை மாட்டின் கொஞ்சப் பாலில் வளர்ந்ததால்தான் கன்று அவ்வளவு சிறியதாக இருந்திருக்கிறது.

நைனாவிடம் சொன்னேன். கன்றைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றும் கேட்டேன். தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர், "இன்னாத்துக்கு?" என்றார். அதன்பிறகு நான் அதன் வாலருகே போனால் அவரும் கூடவே வந்து நிற்பார்.

அந்த அம்மாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று சொல்லவில்லை. உயிரோடு இருக்கிற மாட்டுக்குச் சோதனையில் என்ன வந்தது என்று விசாரித்தார். சுத்தமான புங்கனூர்தான் என்றேன்.

பிறகு தாழ்ந்த குரலில், "யாருகிட்டயாச்சும் சொன்னியா? புரோக்கருங்க மாட்டக் கேட்டு வந்து நிப்பானுங்க" என்றார்.

யாரிடமும் சொல்லவில்லை என்றேன். உண்மைதான். அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது.