புதன்கிழமை விரதம்

மயிலிட்டியிலிருந்து மீன் கொண்டுவருகிறவர் காலை ஒன்பது மணிக்கெல்லாம் அளவெட்டியில் எங்கள் ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிளைத் திருப்புவார். ஹோர்ன் கேட்டதும் முதல் ஆளாகப் பாத்திரத்தோடு படலையில் நிற்பவள் நான்தான். மீன் இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவள் சென்ற வைகாசியில் ஒரு புதன்கிழமை, "இண்டைக்கு விரதம், தம்பி" என்று அவரிடம் பொய் சொன்னேன். வெள்ளியும் செவ்வாயும்தான் எங்கள் வீட்டில் மீன், மச்சம் சமைப்பதில்லை. அது அவருக்கும் தெரியும்.

காரணம் ஒரு காணொளி. மீன் பழுதாகாமல் இருக்க ஏதோ மருந்து போடுகிறார்களாம், அது புற்றுநோய் தருமாம். ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார். எந்த ஊர் மீன், யார் போடுகிறார்கள், ஒன்றும் சொல்லவில்லை. கனடாவில் இருக்கும் தங்கச்சி அனுப்பியிருந்தாள். பின்னேரத்துக்குள் இன்னும் நாலைந்து வந்து சேர்ந்தன. ஒரு வைத்தியர் இது முழுப் புளுகு என்றார். அந்த வைத்தியர் காசு வாங்கிக்கொண்டு கதைக்கிறார் என்றார் இன்னொருவர். இதற்குப் பின்னால் அரசியல் இருக்கிறது என்று வேறொரு ஆள் அரை மணித்தியாலம் பேசினார். என்ன அரசியல் என்று கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஒவ்வொருவர் பேசும்போதும் அவர் சொல்வதுதான் சரி என்று எனக்குப் பட்டது. தலை சுற்றியது.

நான் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள். சரி, செய்து பார்ப்போம் என்று, திங்கட்கிழமை வாங்கிய விளைமீன் ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துக் குசினி ஜன்னலடியில் வைத்தேன். மருந்து போட்ட மீனை ஈ, இலையான் மொய்க்காது என்று ஒரு காணொளி சொல்லியிருந்தது. அரை மணித்தியாலத்தில் ஒரேயொரு இலையான் வந்து, வாலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பறந்துபோனது. அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது? காலையில்தான் குசினிக்கு இலையான் மருந்து அடித்திருந்தேன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"நீர் அந்த இலையானிட்டையே கேட்டிருக்கலாம்" என்றார் கணவர். எனக்குக் கோபம் வந்தது. அந்த மீனைக் குப்பையில் போட்டேன்.

விரதம் நீண்டது. அடுத்த திங்கட்கிழமை மீன்காரர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். "ரீச்சர், கந்தசட்டிக்கு இன்னும் எவ்வளவு நாள் கிடக்கு. உது என்ன விரதம்?"

நான் சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை.

பக்கத்து வீட்டில் நாலு வயது மகளோடு இருக்கும் இளம் தாய் ஒருநாள் தன் போனில் ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டினாள். "அளவெட்டியிலை ஒரு விஞ்ஞான ரீச்சர் தானே சோதிச்சுப் பாத்திட்டு மீன் வாங்கிறதை விட்டிட்டா." யாரப்பா அந்த ரீச்சர் என்று ஒரு கணம் நானும் யோசித்தேன். கணவர் இலையான் கதையைக் கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறார். அது எங்கெங்கோ சுற்றி இப்படித் திரும்பி வந்திருக்கிறது. நம்பிக்கையான ஒரு ஆள் வந்து உண்மையைச் சொல்லமாட்டாரா என்று நான் போனைத் தடவிக்கொண்டிருந்த நேரத்தில், ஊர் என்னையே அந்த ஆளாக்கி வைத்திருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த நாள் காலை மீன்காரர் என் படலையடியில் நிறுத்திப் பெட்டியைத் திறந்து காட்டினார். நிறைய மீன்.

"இந்த ஒழுங்கையிலை இப்ப ஒரு மீனும் போறதில்லை, ரீச்சர். என்ரை பிள்ளையளும் இதைத்தான் தின்னுதுகள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் சனம் வாங்கும். இல்லாட்டி நாளையிலையிருந்து இந்தப் பக்கம் வரமாட்டன்."

அயல் பெண்கள் அவரவர் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல மீன் என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? கூடாத மீன் என்றும்தான் என்ன தெரியும்? துறைமுகத்தில் வாங்கி வருகிற அவருக்கே முழுதாகத் தெரிந்திருக்குமா? நான் சொன்ன விரதம் பொய் என்பது மட்டும்தான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

"தம்பி, விரதமெண்டு நான் சொன்னது பொய். பயத்திலை சொன்னனான்" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "மருந்து இருக்கோ இல்லையோ எனக்குத் தெரியாது. எனக்கு அரைக்கிலோ விளைமீன் தாங்கோ. மற்ற ஆக்கள் தங்கடை யோசினைப்படி செய்யட்டும்."

அரைக்கிலோ என்றது மட்டும்தான் அவர்களுக்குக் கேட்டது போலும். ஒவ்வொருத்தியாகப் பாத்திரத்தோடு வந்தார்கள். பெட்டி பாதியாகியது. அவருடைய முகம் மலர்ந்ததைப் பார்க்கச் சந்தோசமாக இருந்தது.

மத்தியானம் பக்கத்து வீட்டு இளம் தாய் வேலிக்கு மேலால் ஒரு கிண்ணம் மீன்குழம்பு நீட்டினாள்.

"உங்களை நம்பித்தான் ரீச்சர் சின்னவளுக்கும் குடுத்தனான். ரெண்டு துண்டு சாப்பிட்டிட்டாள்."

நான் சமைத்த மீன் அடுப்படியில் மூடியபடி இருந்தது. அதுவரை நான் அதில் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை.