ஊஞ்சல் கொக்கியில் தொங்கிய மைக்

ரேடியோ ஆடிஷனில் இரண்டு தடவை என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீணையில் நாதம் போதவில்லை என்று இரண்டு தடவையும் ஒரே காரணம். கல்யாணத்துக்கு முன்னால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி வாசித்தவள் நான்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாவது தடவையும் இதே பேச்சு வந்தால் வீணையை உறை போட்டு மூலையில் சாத்திவிடுவது என்று தீர்மானம் செய்திருந்தேன்.

என் அகத்துக்காரர் கோபப்படுகிற ரகம் இல்லை. அவர்கள் மைக் வைத்த லட்சணம் அப்படி என்று என் பக்கம் பேசினார். அதை நிரூபிப்பதற்காகப் பொன்மலை நண்பர் ஒருவரிடம் டேப் ரிக்கார்டர் இரவல் வாங்கி வந்தார்.

அதோடு வந்த மைக் சோப்புப் பெட்டி அளவுதான். வீணையில் தந்திகளைத் தாங்குகிற குதிரைக்குப் பக்கத்தில் வைத்தால் நகம் படுகிற சத்தம்தான் முன்னால் நின்றது. மறுகோடியில் சுரைக்காய்ப் பக்கம் வைத்தால் அடுத்த வீட்டில் யாரோ வாசிக்கிற மாதிரி இருந்தது. பாலக்கரையில் கல்யாணங்களுக்கு சவுண்டு செட் கட்டுகிறவரிடம் ஒரு பெரிய மைக் வாடகைக்கு எடுத்தார். வாயருகில் வைத்துப் பேசினால்தான் அது மதிக்கும், வீணையைச் சட்டையே செய்யவில்லை. கடைசியில் கூடத்து ஊஞ்சலைக் கழற்றிவிட்டு, சின்ன மைக்கைக் கொக்கியிலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்டார். காக்காயும் கிணற்று ராட்டினமும் பிரமாதமாகப் பதிவாயின. வீணைதான் பழையபடி மெலிந்து கிடந்தது. மெஷினில் ஒரு பச்சை விளக்கு உண்டு, சத்தம் ஏற ஏற அகலும். நான் வாசித்தால் அது தூங்கி வழியும். ஊஞ்சல் போனதில் மாமனாருக்கு மனத்தாங்கல் வேறு.

பங்குனியில் எங்கள் ஊர் நம்பெருமாள் உறையூருக்கு எழுந்தருளி நாச்சியாரோடு சேர்த்தியாக இருக்கிற நாள் வந்தது. மாமனார், மாமியார், நாத்தனார் என்று எல்லோரும் சேவிக்கக் கிளம்பிவிட்டார்கள். பெருமாளே ஊரில் இல்லை. தெருவிலும் ஆளரவம் இல்லை. அகத்துக்காரர் மைக்கை ஒரு முழம் கீழே இறக்கிவிட்டுத் தலையாட்டினார். நான் வர்ணத்தை ஆரம்பித்தேன். கை என்னைக் கேட்காமலே ஓங்கி மீட்டியது. பச்சை விளக்கு ஒரேயடியாக விரிந்து முட்டிக்கொண்டது. அவர் பதறிப்போய்க் கயிற்றை மேலே இழுத்தார். அப்படியும் அடங்கவில்லை, இன்னும் இழுத்தார்.

"இத்தனை நாள் ஏன்டி இப்படி வாசிக்கல?" என்றார்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மாமனாருக்கு மத்தியானத் தூக்கம், நாத்தனாருக்குத் தலைவலி, மாமியாருக்கு ஜபம். யாரும் என்னை வைததில்லை. கொஞ்சம் மெள்ள வாசி என்று அவ்வப்போது சொன்னதோடு சரி. புக்ககம் வந்த நாளிலிருந்து அதைக் கேட்டுக் கேட்டு அடங்கிப்போன கை, ஸ்டூடியோவிலும் யாரோ தூங்குகிறார் என்றே பயந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. யாரைக் கோபித்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போதே, கூடத்தில் உட்கார்ந்து அதே வர்ணத்தை அதே மாதிரி வாசித்தேன். மாமியார் உள்ளேயிருந்து வந்து, இன்றைக்குச் சத்தம் ஜாஸ்தியாக இருக்கிறதே என்றார்.

"ஆமாம்மா. இனிமே இப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அவர் ஜபத்துக்கு உள்ளே போனார். அகத்துக்காரர் மைக்கை அவிழ்த்துவிட்டு ஊஞ்சலை மாட்டினார்.

மூன்றாவது ஆடிஷனில் சுருதி சேர்த்துவிட்டு நாலு மீட்டு மீட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் எழுந்து உள்ளே வந்தார். மைக்கை என்னிடமிருந்து தள்ளி வைத்துவிட்டுப் போனார்.