கோபிக்கு வைக்காத பத்திரிகை

போவன்பள்ளி மார்க்கெட்டில் ஒரு தக்காளி மண்டியில் மேனேஜராக இருக்கும் பெருமாளுக்கு, வருஷத்தில் உருப்படியாகக் கிடைக்கிற லீவு தசரா ஒன்றுதான். ஆயுத பூஜை அன்று தராசுக்கும் கல்லாவுக்கும் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்துவிட்டு வந்தால், மறுநாள் விஜயதசமிக்கு மண்டி திறக்காது. அன்று குடும்பத்தோடு ஏதாவது ஒரு மலை ஏறவேண்டும். இறங்கி வருகிற வழியில் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய் ஜம்மி இலை கொடுக்கவேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். ஊரெல்லாம் லீவுக்கு ஊட்டி, கோவா என்று பறக்கிறதே என்று மனைவி கனகவல்லி கேட்டுப் பார்த்தாள். மனுஷன் காதில் போட்டுக்கொண்டால்தானே!

ஜம்மி என்றால் நம் வன்னிதான். இந்தத் தெலுங்குப் பக்கத்தில் தசரா அன்று அந்த இலையைத் தங்கம் என்று சொல்லிக் கைமாற்றிக்கொள்வார்கள். சின்னவர் பெரியவர் கையில் இலையை வைத்துக் காலைத் தொடவேண்டும். பெரியவர் தூக்கிக் கட்டிக்கொள்ளவேண்டும். அதோடு பழைய மனஸ்தாபம் எல்லாம் தீர்ந்தது என்று கணக்கு. பெருமாளின் தாத்தா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு லாலாகுடா வந்தவர். அவர் காலத்திலேயே இந்தப் பழக்கம் குடும்பத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. சண்டையைத் தீர்க்கிற இலைதானே, நல்லதுதானே என்பீர்கள். பெருமாளுக்கு அதுவே வம்பாகிவிட்டது. எல்லாம் கோபியால் வந்தது.

கோபி பெருமாளுக்குச் சித்தப்பா. ஆனால் பெருமாளைவிட இரண்டு வயது சின்னவர். மாமியாரும் மருமகளும் போட்டி போட்டுக்கொண்டு பிள்ளை பெற்ற வீடு அது. ஒரே குவார்ட்டர்ஸ், ஒரே பாய், ஒரே சைக்கிள் என்று வளர்ந்தவர்கள். பெருமாள் ஒரு நாளாவது சித்தப்பா என்று கூப்பிட்டிருப்பாரா? "டேய் கோபி"தான். கோபியும் "இன்னாடா பெருமாளு" என்பார். உப்பலில் ஒரு ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிடையரான பிறகும், தலை நரைத்த பிறகும், அந்த "டேய்" மாறவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பெருமாளின் மூத்த மகள் காஞ்சனாவுக்குக் கல்யாணம் வந்தது. புருஷனும் பெண்சாதியும் தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிப் பத்திரிகை வைத்தார்கள். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் வீட்டைக்கூட விடவில்லை. கோபி வீட்டுக்கு மட்டும் போகவில்லை. "அவன் நம்ம ஆளு. பந்தல்ல நின்னு வர்றவங்கள வாங்கன்னு சொல்லப்போறவனே அவன்தான். அவனுக்கு இன்னாத்துக்குத் தட்டு?" என்றார் பெருமாள். பத்திரிகையைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பி, 'சீக்கிரம் வந்துடு' என்று ஒரு வரி போட்டார். அத்தோடு மறந்தும் போனார்.

அங்கே உப்பலில் கோபியும் அவர் மனைவி திரிபுரசுந்தரியும், அண்ணன் மகன் வீட்டுக் கல்யாணம், சித்தப்பனுக்குத்தான் முதல் பத்திரிகை வரும் என்று வீட்டைக் கழுவி வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள். வந்தது போனில் ஒரு படம். கோபி முகூர்த்தத்துக்கு வரவில்லை. மறுநாள் பெருமாள் போன் போட்டுக் கத்தினார். "மூட்டை தூக்குறவருக்குத் தட்டு, சித்தப்பனுக்கு வாட்ஸாப்பா? சின்னவன்தானேன்னு ஒரு மரியாத கூட இல்லாம போச்சு!" என்று கோபியும் கத்தினார். அன்று அறுந்த பேச்சு அறுந்ததுதான்.

தசரா வந்தால் தீர்ந்துவிடும் என்று பெண்கள் நினைத்தார்கள். ஆனால் யார் யாருக்கு இலை கொடுப்பது? வயசில் பெரியவன் நான், அவன்தான் வரணும் என்று பெருமாள் வீட்டில் உட்கார்ந்தார். முறையில் பெரியவன் நான், அவன்தான் வரணும் என்று கோபி அவர் வீட்டில் உட்கார்ந்தார். அப்படியே அடுத்த தசராவும் போயிற்று. இரண்டு பேருக்கும் ஏழு கழுதை வயசாகிறது, பிடிவாதத்தைப் பாருங்கள்! உப்பல் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று பெருமாள் மலையையே மாற்றிவிட்டார். புவனகிரிக்கு உப்பல் வழியாகத்தான் போகவேண்டும். அதனால் எதிர்த்திசையில் அனந்தகிரி என்றாகிவிட்டது.

இந்த வருஷம் சின்ன மகள் ரக்ஷிதா விடவில்லை. "அனந்தகிரி நக்கோ டாடி, வேணாம். அது மலையே இல்ல, பார்க். புவனகிரி போலாம். நான் டிரைவ் பண்றேன்." கனகவல்லியும் கூட ஜால்ரா தட்டினாள். கார் உப்பலைத் தாண்டும்போது பெருமாள் போனில் மூழ்கிப்போனவர் மாதிரி நடித்தார். போன் அணைந்துகிடந்ததை மகள் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

புவனகிரி ஒரே பாறை. பாதிவரை படி, மேலே வழுக்குப் பாறையும் ஓரத்தில் கம்பியும்தான். ஏறுவதில் பெருமாள் யாருக்கும் சளைத்தவரில்லை. உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபடியே கனகவல்லி விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"சுந்தரி போன் பண்ணாங்க. தீபாவளி முடிஞ்சதும் கோயமுத்தூருக்கே போறாங்களாம். மவன் வினய் அங்க வீடு பாத்துட்டானாம். உப்பல் வீட்ட வித்தாச்சு."

"போவட்டுமே. எனக்கின்னா?" என்றார் பெருமாள்.

சொல்லிவிட்டாரே தவிர, புளியோதரை உள்ளே இறங்கவில்லை. பாதிப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டார்.

வினை இறங்கும்போதுதான் வந்தது. பெருமாளுக்கு ஏற்றம் பயமில்லை. இறக்கம் உயிர் போகும். பள்ளத்தைப் பார்த்தால் தலை கிறுகிறுக்கும். முன்பெல்லாம் கோபியும் மலைக்குக் கூட வருவார், ஒரு அடி முன்னால் இறங்குவார். பெருமாள் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு, அவர் பிடரியை மட்டும் பார்த்துக்கொண்டு வந்து சேர்ந்துவிடுவார். இது வெளியே யாருக்கும் தெரியாது. கோபி ஒருவரிடமும் சொன்னதில்லை. இன்று முன்னால் வெறும் பள்ளம்தான் இருந்தது. பெருமாள் கம்பியைப் பிடித்தபடி நடுப்பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"கெட் அப் டாடி! லோகாங் தேக்ரே, எல்லாரும் பாக்குறாங்க!" என்றாள் ரக்ஷிதா.

"பாக்கட்டும்," என்றார். கடைசியில் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து, பேன்ட் பின்பக்கம் தேய்ந்து நூலாக, அடிவாரம் வந்து சேர்ந்தார். அந்த நேரம் பூராவும் அவருக்கு ஒரே நினைப்புதான். கோபி போய்விட்டால் இந்த ஊரில் எனக்கென்று யார் இருக்கிறார்கள்? அடிவாரத்தில் ஒரு அம்மா ஜம்மி விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு கொத்து வாங்கிக்கொண்டு காரில் ஏறினார்.

"அவன் வூட்ல இருப்பானா?" என்றார்.

கனகவல்லி மகளைப் பார்த்தாள். ரக்ஷிதா வண்டியைக் கிளப்பினாள். வழியெல்லாம் பெருமாளின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. வாழ்நாளில் சொல்லாத ஒரு சொல்லுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தது கோபியேதான். லுங்கி, பனியன், கையில் பார்சல் ஒட்டுகிற டேப். பின்னால் கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். அவர் வாயைத் திறக்குமுன் பெருமாள் அவர் கையில் இலையைத் திணித்துவிட்டுக் குனிந்தார். மலை இறங்கிய முழங்கால் மளுக்கென்றது. காலைத் தொட்டுவிட்டார்.

"சித்தப்பா, தப்பு என்னுதுதான். மொதல் பத்திரிகை உங்களுக்குத்தான் வெச்சிருக்கணும். மன்னிச்சுக்குங்க."

பெரியவர் தூக்கிக் கட்டிக்கொள்ளவேண்டும் அல்லவா? கோபி தூக்கவில்லை. இரண்டடி பின்னால் போய் நின்றார். முகம் வெளிறிவிட்டது. சமையலறையிலிருந்து வந்த திரிபுரசுந்தரி பதறிப்போனாள். "இன்னாங்க இது? அவரே தேடி வந்துக்கிறாரு. தூக்குங்க!"

முடிந்தது, மனுஷன் மன்னிக்கவில்லை என்று பெருமாள் நினைத்தார். தானே சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

கோபி ஒரு அட்டைப்பெட்டி மேல் பொத்தென்று உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"நீ ஏன்டா சித்தப்பான்ற? வாங்க போங்கன்ற? தட்டு வெச்சு ஒரு வார்த்த கூப்புடுன்னுதானே கேட்டேன். என் பேர எடுத்துடுன்னு கேட்டனா?"

"நீதானே மரியாத கேட்ட?"

"ஹவ், ஆமா, கேட்டேன். இப்ப நக்கோ." பனியனைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அங்க போனா நான் எல்லாருக்கும் தாத்தா. மாமா. சார். எங்கம்மா இல்ல, உங்கப்பன் இல்ல. பேரச் சொல்லிக் கூப்புட நீ ஒருத்தன்தான்டா பாக்கி இருக்க."

பெருமாள் பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்தார். பிறகு, "டேய் கோபி," என்றார்.

"இன்னொரு வாட்டி கூப்புடு," என்றார் கோபி.