உள்ளங்கால் மச்சம்

என் தம்பி கடல் கடந்து போய்ப் பிழைக்கப்போகிறான் என்று எங்கள் வீட்டில் நம்பினோம். அவனுடைய வலது உள்ளங்காலில் புதிதாக ஒரு மச்சம் தோன்றியிருந்தது. ஆணுக்கு வலப்பக்கம் நல்லது, அதுவும் உள்ளங்கால் என்றால் வெளிநாட்டு யோகம் என்பது அம்மாவின் கணக்கு. அவன் கைக்குழந்தையாக இருந்தபோது கண்ணேறு கழிய அவர் மைப்பொட்டு வைத்ததும் ஏறக்குறைய அதே இடத்தில்தான். மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஊரான தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த தம்பி, அப்போது ஆஸ்திரேலியாவில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தான்.

நான் வேலை பார்த்த புத்தகக்கடை மூடப்பட்டதால், அந்த ஆண்டு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மெடிக்கல் கோடிங் வகுப்பில் சேர்ந்திருந்தேன். மருத்துவர் எழுதும் நோயை மருத்துவமனையும் காப்புறுதி நிறுவனங்களும் பயன்படுத்தும் குறியீடாக மாற்றும் வேலை அது. முதலில் படித்தது தோல். கிள்ளானிலிருந்து போகும் ரயிலில் மேல்தோல், அடித்தோல், அதன்கீழ்க் கொழுப்பு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவேன். மற்ற இடங்களில் மேல்தோலுக்கு நான்கு படலங்கள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் ஐந்து. தேய்மானத்தைத் தாங்குவதற்காக உடல் அங்கே கூடுதலாக ஒன்றை விரித்து வைத்திருக்கிறது. இதைச் சொன்னபோது தம்பி சிரித்தான்.

"தோல எண்ணுறதுக்கு ஒரு கோர்ஸா? எண்ணி முடிச்சிட்டுச் சொல்லுக்கா, சூப்பு வைக்கலாம் லா."

மெலனோமா என்ற புற்றுநோயைப் பற்றிய பாடம் சில வாரங்கள் கழித்து வந்தது. நம் நிறத்தவர்க்கு அது அரிது என்றும், வந்தால் பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலிலோ நகத்தடியிலோ வரும் என்றும் ஆசிரியை சொன்னார். திரையில் காட்டிய படத்தின் விளிம்பு, நீரில் பட்ட மைபோல ஒழுங்கின்றிப் பரவியிருந்தது. அந்த விளிம்பை நான் வீட்டில் பார்த்திருந்தேன்.

அன்று மாலையே தம்பியைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். சிறிது வெட்டியெடுத்துச் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். அம்மா குறுக்கே நின்றார்.

"வந்த யோகத்த வெட்டிக் குப்பையில போடச் சொல்றியா? நாலு பக்கம் படிச்சிட்டா நீ டாக்டராடி?"

"ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க" என்றான் தம்பி. "இன்டர்வியூ முடியட்டும்கா. கால நொண்டிக்கிட்டுப் போனா எவன் வேல கொடுப்பான்?"

நேர்காணல் தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. ஒவ்வொரு முறையும் நான் கேட்டேன். ஒவ்வொரு முறையும் அவன் அதையே சொன்னான். காலுறையில் இரத்தக்கறை தெரிந்தபோது, சேஃப்டி பூட் உரசியிருக்கும் என்று அம்மா மஞ்சள் அரைத்துப் பூசினார்.

பிறகு வேலை கிடைத்தேவிட்டது. அம்மா பால்கோவா கிண்டி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார். "மச்சம் பேசிடுச்சு பாத்தியா" என்று என் கன்னத்தைத் தட்டினார். அன்று அவர் முகத்திலிருந்த மகிழ்ச்சியை அதற்குப் பின் நான் பார்க்கவில்லை. விசாவுக்கான உடற்பரிசோதனையில் காலணியைக் கழற்றச் சொன்ன டாக்டர், உள்ளங்காலைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு எதையும் சோதிக்காமல் எழுந்துபோய் இன்னொரு டாக்டரை அழைத்துவந்தாராம்.

பயாப்சி முடிவில், அது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று மில்லிமீட்டரில் குறித்திருந்தார்கள். டாக்டர் விளக்கத் தொடங்குமுன் எனக்குப் புரிந்துவிட்டது. நான் ரயிலில் ஒப்பித்த படலங்களையெல்லாம் அது ஒவ்வொன்றாகக் கடந்து போயிருந்தது. தொடையிடுக்கு நிணக்கணுக்களிலும் இருந்தது.

பாதத்தில் வெட்டிய இடத்தை மூடத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஐந்தாவது படலம் இல்லாத மெல்லிய தோல். ஊன்றி நடக்க அவனால் முடியவில்லை. கட்டிலருகே அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மச்சம் முழுசாப் போயிடுச்சாப்பா?"

"போச்சும்மா. ஃப்ளைட்டும் அதோட போச்சு. இனிமே உள்ளங்கால்ல முடி மொளைக்கும், சவரம் பண்ணிவிடுங்க."

அம்மா சிரிக்க முயன்றார். அந்தப் பாதத்தை மடியில் வைத்துக்கொள்ளக் கை நீட்டி, வலிக்குமென்று மடக்கிக்கொண்டார். நோய் நுரையீரலுக்குப் போனபிறகு அவன் வேடிக்கை பேசுவதும் நின்றது. மூச்சுக்கே அவனுக்குப் பலம் போதவில்லை. மழைக்காலம் முடியுமுன் இறந்துபோனான்.

படிப்பை முடித்து, இப்போது ஷா ஆலமில் ஓர் அலுவலகத்தில் குறியீடு எழுதுகிறேன். எப்போதாவது அந்த நோய் வரும். நாங்கள் பயன்படுத்தும் தொகுப்பில் உள்ளங்காலுக்கென்று தனி இடம் இல்லை. விரலோ தொடையோ எல்லாம் ஒரே குறியீடுதான். அதை எழுதிவிட்டு அடுத்ததை எடுக்கிறேன். அந்தப் பாடமோ நேர்காணலோ சற்று முன்னதாக வந்திருந்தால் என்று இப்போது எண்ணுவதில்லை, எண்ணி முடிந்துவிட்டது.

அம்மா யாருக்கும் மச்ச பலன் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு நான் கால்நகம் வெட்டிவிடுவேன். முடித்ததும் கேளாமலே இரு பாதங்களையும் வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக் காட்டுவார். நான் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா" என்பேன்.

கிள்ளான் வீட்டில் இப்போது அம்மாவும் நானும் இருக்கிறோம்.